பம்ப்பை டொக்டர் எப்படித் தெரிவு செய்கிறார்? கிளினிக்கில் நாம் சொல்ல வேண்டியவை

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், கொழுந்து நிறை, வீட்டுக்காணி என்று பேச வேண்டியவை நிறைய இருக்கும்போது, ஒரு நோயைப் பற்றிப் பேச நேரம் கேட்டோம். "இது டொக்டர்மார் பேச வேண்டிய விடயமல்லவா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் டொக்டர்கள் அல்ல. பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம், பின்னேரம் சங்க வேலை செய்கிறோம். யாருக்கு எந்த மருந்து என்று சொல்ல நாங்கள் வரவில்லை. டொக்டர் அதை எப்படி முடிவு செய்கிறார் என்று விளங்கிக்கொண்டால் நம்முடைய ஆட்களுக்குக் கிடைக்கும் மருந்து மாறும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நம் லயங்களில் இருமல் சத்தம் கேட்காத இரவு இல்லை. விடியற்காலையில் அடுப்புப் பற்றவைத்தவுடன் அது இன்னும் கூடும். மூச்சு வாங்கினால் "இழுப்பு" என்கிறோம், "முட்டு" என்கிறோம், "வீசிங்" என்கிறோம். எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போதும் என்றும் நினைத்துவிடுகிறோம். பக்கத்துக் காம்பிரா அக்காவின் பம்ப்பை வாங்கி இரண்டு தரம் அடித்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்று பேசப்போவது நாட்பட்ட மூச்சுத்தடை நோயைப் பற்றி. வைத்தியசாலையில் சி.ஓ.பி.டி. என்பார்கள். பல வருடப் புகையாலும் தூசியாலும் நுரையீரலின் சிறு குழாய்கள் தடித்துச் சுருங்கி, காற்றுப் பைகள் சிதைந்துபோகும் நோய் இது. சிதைந்த பகுதி திரும்பி வராது. ஆனால் மூச்சைச் சுலபமாக்கலாம், வருத்தம் திடீரென்று கூடுவதைக் குறைக்கலாம், வைத்தியசாலையில் போய்ப் படுப்பதைத் தவிர்க்கலாம். அதற்காகத் தினமும் எடுக்கும் மருந்தைத்தான் பராமரிப்புச் சிகிச்சை என்கிறார்கள்.

முதல் கேள்வி: இது எந்த வருத்தம்?

டொக்டர் முதலில் தீர்க்க வேண்டியது, இது ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா, காசநோயா, இருதய வருத்தமா என்பது. வெளியில் இருந்து பார்த்தால் நான்கிலும் மூச்சு வாங்கும். மருந்து மட்டும் வேறு வேறு.

ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். ஒரு நாள் முட்டும், மறுநாள் ஒன்றுமில்லாதது போல இருக்கும். சி.ஓ.பி.டி. நாற்பது வயதைத் தாண்டி மெதுவாக வரும். வருடத்துக்கு வருடம் கூடும். ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருந்து, உறிஞ்சி எடுக்கும் ஸ்டீரொய்ட். அதைக் கொடுக்காமல் நீண்ட நேரம் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுப்பது ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. சி.ஓ.பி.டி.க்கு முறை தலைகீழ். குழாயை விரிக்கும் மருந்துதான் முதலில். ஸ்டீரொய்ட் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். இரண்டும் கலந்து இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்டீரொய்ட்டை விட முடியாது. அதனால்தான் "சின்ன வயதில் இழுப்பு இருந்ததா? வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா?" என்று டொக்டர் கேட்கிறார். சுருக்கமாக "இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பக் கூடாத கேள்வி இது.

உறுதி செய்ய ஊதும் பரிசோதனை இருக்கிறது. ஸ்பைரோமீற்றர் என்பார்கள். மூச்சை முழுதாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக, கடைசி வரை ஊத வேண்டும். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறியது, மொத்தமாக எவ்வளவு வெளியேறியது என்று கருவி அளக்கும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் வினாடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மூச்சுத்தடை நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டு மெதுவாக ஊதினால் கணக்குப் பிழைக்கும். இந்தக் கருவி தோட்ட டிஸ்பென்சரியில் இருக்காது. பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சளி, காய்ச்சல், மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் மாவட்டத்து நெஞ்சு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். காசநோய் இருக்கும்போது வெறும் பம்ப்போடு மாதக்கணக்கில் இருந்துவிடக் கூடாது.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு மூச்சு வாங்குகிறது?

உலகத்தில் பல நாட்டு டொக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டி ஒன்று இருக்கிறது. கோல்ட் அறிக்கை என்பார்கள். முதலாவது அறிக்கை 2001 இல் வந்தது; அதன் பிறகு தொடர்ந்து திருத்தி வருகிறார்கள். முன்பெல்லாம் ஊதும் பரிசோதனையின் இலக்கத்தைப் பார்த்தே மருந்தைத் தீர்மானித்தார்கள். 2011 முதல் நோயாளிக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது, வருடத்தில் எத்தனை தரம் வருத்தம் கூடியது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 2023 அறிக்கையில் நோயாளிகளை ஏ, பி, ஈ என்று மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பு இரண்டு பதில்களில் தங்கியிருக்கிறது. இரண்டும் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டியவை. இதை எல்லோரும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சு வாங்குவதை 0 முதல் 4 வரை படி வைத்து அளக்கிறார்கள். கடும் வேலை செய்தால் மட்டும் வாங்கினால் 0. அவசரமாக நடந்தாலோ சிறு ஏற்றம் ஏறினாலோ வாங்கினால் 1. சமதரையில் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் 2. சமதரையில் 100 மீற்றர் போனதும் நின்று மூச்சு விட வேண்டியிருந்தால் 3. உடுப்பு மாற்றவே மூச்சு வாங்கி, வீட்டை விட்டு வெளியே போக முடியாவிட்டால் 4.

நமக்குச் சிக்கல் இங்கேதான். நம் தோட்டங்களில் சமதரை எங்கே இருக்கிறது? லயத்திலிருந்து குழாயடிக்கு இறக்கம், பாதைக்கு ஏற்றம், மலைக்கு அதைவிட ஏற்றம். "நடக்கும்போது மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் நம் அம்மாமார் "இல்லீங்க" என்பார்கள். ஏன்? மூச்சு வாங்கும் இடங்களுக்குப் போவதையே அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மேல் மலைக்குப் போவதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை. விறகு தூக்க மகளை அனுப்புகிறார்கள். தண்ணீர் எடுக்கப் பேத்தியை அனுப்புகிறார்கள். பதில் பொய்யல்ல, ஆனால் டொக்டருக்கு அது 0 என்று கேட்கும்.

ஆகவே இப்படிச் சொல்லப் பழக்குவோம்: "போன வருஷம் மேல் மலை வரை கூடையோடு ஏறினேன். இப்போது பாதிப் படியில் இரண்டு தரம் நிற்கிறேன்." "குளித்துவிட்டுத் துணி பிழியும்போதே மூச்சு முட்டுது." எதை விட்டுவிட்டோம், எப்போதிருந்து விட்டோம் என்று சொன்னால் டொக்டருக்குப் படி தெரியும்.

மூன்றாம் கேள்வி: வருடத்தில் எத்தனை தரம் கூடியது?

மழைக் காலத்திலும் பனிக் காலத்திலும் சளி நிறம் மாறி, மூச்சு வழக்கத்தைவிடக் கூடுதலாக முட்டி, இரண்டு மூன்று நாளாகக் குறையாமல் இருக்கும். அப்போது ஸ்டீரொய்ட் குளிசையோ, கிருமிக்கான குளிசையோ, இரண்டுமோ கொடுப்பார்கள். இதுதான் வருத்தம் கூடுதல். ஒரு தரம் கூடிவிட்டால் அடுத்த தரம் கூடுவதற்கான வாய்ப்பும் கூடும். ஒவ்வொரு தரமும் நுரையீரலில் கொஞ்சம் போகும்.

ஒரு வருடத்தில் இரண்டு தரம் அப்படிக் கூடினால், அல்லது ஒரே ஒரு தரம் கூடி வைத்தியசாலையில் தங்கினால், 2023 அறிக்கைப்படி அவர் ஈ கூட்டம். மருந்தின் அளவு அங்கே மாறுகிறது.

ஆனால் நம் வாழ்க்கையில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? தை மாதம் தோட்ட டிஸ்பென்சரியில் குளிசை. சித்திரையில் டவுனில் தனியார் டொக்டரிடம் ஊசி. ஆடியில் இரவு லொறி பிடித்து வைத்தியசாலைக்குப் போய் நெபுலைசர் பிடித்துவிட்டு விடியக் காலையில் திரும்பி வருதல். இந்த மூன்றில் ஒன்றுகூட கிளினிக் கொப்பியில் எழுதப்படவில்லை. கிளினிக் நாளில் ஆள் ஓரளவு நன்றாக இருக்கிறார். "எப்படி இருக்கு?" "பரவாயில்லைங்க." பழைய மருந்தே திரும்ப எழுதப்படுகிறது. டொக்டரின் பிழை அல்ல. அவருக்கு முன்னால் அந்தக் கணக்கு இல்லை.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை வருடத்தில் பல தரம் எடுத்தால் சீனி வருத்தம், எலும்பு தேய்வு, கண் படலம் எல்லாம் வரலாம். பராமரிப்பு மருந்து சரியாக அமைந்தால் அந்தக் குளிசை குறையும். கணக்குக் காட்டாத குடும்பம் அந்தக் குளிசையிலேயே காலத்தை ஓட்டுகிறது. கூடவே வேலை நாளும் போகிறது. செக்ரோலைப் பார்த்தால் அந்த அம்மாவின் வருத்தம் எப்போதெல்லாம் கூடியது என்று தெரியும்: எந்த எந்தக் கிழமை பேர் விழவில்லையோ, அந்தக் கிழமைகள்தான்.

மூன்று ஆட்கள், மூன்று மருந்து

மருந்துகளை முதலில் பிரித்துப் பார்ப்போம். சல்பியூற்றமோல் பம்ப் சில நிமிடத்தில் வேலை செய்து நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அது அவசரத்துக்கு. பராமரிப்புக்கு உரியவை 12 மணித்தியாலமோ 24 மணித்தியாலமோ நிற்பவை. அவற்றில் இரண்டு வகை. சல்மெற்றரோல், ஃபோர்மொற்றரோல் ஒரு வகை. தியோத்ரோப்பியம் இன்னொரு வகை. இரண்டும் வெவ்வேறு வழியில் குழாயை விரிக்கின்றன. மூன்றாவது, வீக்கத்தைக் குறைக்கும் உறிஞ்சும் ஸ்டீரொய்ட்: பெக்லோமெதசோன், பியூடெசொனைட், ஃபுளூற்றிகசோன்.

இப்போது மூன்று பேரை நினைத்துக்கொள்வோம்.

முதலாமவர் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் முப்பது வருடம் நின்றவர். ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும். வருத்தம் ஒரு தரமும் கூடியதில்லை. இவர் ஏ. குழாயை விரிக்கும் மருந்து ஒன்று போதும். நீண்ட நேரம் நிற்பது கிடைத்தால் நல்லது.

இரண்டாமவர் ஒரு அம்மா. வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து புகைக்கூண்டு இல்லாத குசினியில் கவ்வாத்து மிலாறு எரித்துச் சமைத்தவர். தன் வயதுக்காரிகளோடு நடக்க முடியவில்லை. போன வருடம் ஒரு தரம் கூடியது. வீட்டிலிருந்தே குளிசையில் சுகமானது. இவர் பி. நீண்ட நேரம் விரிக்கும் மருந்து இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது 2023 அறிக்கை.

மூன்றாமவர் பல வருடம் பீடி பிடித்தவர். போன வருடம் இரண்டு தரம் கூடி, ஒரு தரம் வாட்டில் தங்கினார். இவர் ஈ. இரண்டு விரிப்பு மருந்தும் வேண்டும். ஸ்டீரொய்ட்டையும் சேர்ப்பதா என்று முடிவு செய்ய டொக்டர் இரத்தப் பரிசோதனையில் ஈயோசினோஃபில் என்ற அணுவைப் பார்ப்பார். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீரொய்ட் நன்றாக உதவும். 100க்குக் குறைவாக இருந்தால் உதவி சொற்பம்; நிமோனியா வரும் ஆபத்து மட்டும் மிஞ்சும். முன்பு காசநோய் வந்தவர்கள், நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறவர்கள் விடயத்திலும் டொக்டர் தயங்குவார். பழைய காசநோயை வெட்கப்பட்டு மறைக்கிறோம். டொக்டரிடம் மறைக்கக் கூடாது.

2018 இல் வெளிவந்த இம்பாக்ட் என்ற ஆய்வில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஒரு வருடம் கவனித்தார்கள். எல்லோரும் வருத்தம் கூடிய வரலாறு உள்ளவர்கள். 100 பேருக்கு ஒரு வருடத்தில், மூன்று மருந்தும் எடுத்தவர்களிடையே வருத்தம் ஏறத்தாழ 91 தரம் கூடியது. இரண்டு விரிப்பு மருந்து மட்டும் எடுத்தவர்களிடையே 121 தரம். ஆனால் ஸ்டீரொய்ட் சேர்ந்த கூட்டங்களில் நிமோனியா கூடுதல். 2016 இல் வந்த ஃபிளேம் ஆய்வில், இரண்டு விரிப்பு மருந்தும் சேர்ந்தது, ஒரு விரிப்பு மருந்தும் ஸ்டீரொய்டும் சேர்ந்ததைவிட வருத்தம் கூடுவதை 11 சதவீதம் குறைத்தது, நிமோனியாவும் குறைவு. ஆகவே "நல்ல மருந்து எது?" என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. யாருக்கு என்பதைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் சேர்வதற்கு, தினம் 20 சிகரெட் வீதம் 10 வருடத்துக்குச் சமமாவது புகைத்திருக்க வேண்டும். நாம் சொன்ன இரண்டாமவர், பீடி தொடாத அந்த அம்மா, இந்த ஆய்வுகளுக்குள் இல்லை. அடுப்புப் புகையால் நோய் வந்தவர்களுக்கு டொக்டர் இதே வழிகாட்டியைத்தான் தன் அனுபவத்தோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார். "சிகரெட் குடிப்பீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று மட்டும் சொன்னால் அந்த அம்மாவின் நோயையே டொக்டர் வேறாக நினைக்கலாம். "நாற்பது வருடம் விறகடுப்பு, ஜன்னல் இல்லாத குசினி" என்று அடுத்த வசனத்தையும் சொல்ல வேண்டும்.

கிடைப்பதை வைத்து முடிவு செய்தல்

இவ்வளவும் புத்தகத்தில் உள்ளது. வைத்தியசாலை அலுமாரியில் உள்ளது வேறாக இருக்கலாம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை நாடு முழுவதும் பார்த்தோம். சாதாரண நாளிலும் எல்லா வைத்தியசாலையிலும் எல்லா மருந்தும் இருப்பதில்லை. தியோத்ரோப்பியத்தை உலக சுகாதார அமைப்பு 2019 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெளியில் வாங்க எழுதித் தந்தால் மாதாமாதம் வாங்கக் கூடிய சம்பளமா நமக்கு? வாங்க முடியாவிட்டால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதம் வாங்கி, இரண்டு மாதம் விட்டுவிட்டு, "எடுக்கிறேன்" என்று சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்ப்பார்.

பலருக்குத் தியோஃபிலின் குளிசை கொடுக்கிறார்கள். இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 1888 இல் ஜெர்மன் விஞ்ஞானி அல்பிரெக்ட் கொசெல் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்துதான். பெயரிலேயே தேயிலை இருக்கிறது. நாம் குடிக்கும் பிளேன்டீயில் மருந்துக்குப் போதுமான அளவு கிடையாது என்பது வேறு கதை. குளிசை மலிவு, விழுங்குவதும் சுலபம். ஆனால் பம்ப் அளவுக்குப் பலன் தராது. 2018 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் சுமார் 1500 பேருக்கு, ஸ்டீரொய்ட் பம்ப்போடு குறைந்த அளவு தியோஃபிலினைச் சேர்த்துப் பார்த்தார்கள். வருத்தம் கூடுவது குறையவில்லை.

அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்புக்கூட வரலாம். சிப்ரொஃப்ளொக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமி மருந்துகள் இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். டவுனில் வேறு டொக்டரிடம் போனால் "தியோஃபிலின் எடுக்கிறேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். பீடியை விட்டாலும் அளவு கூடும். அப்போது கிளினிக்கில் சொன்னால் குளிசையைக் குறைப்பார்கள். சொல்லிவிட்டு பீடியை விடுங்கள், சொல்ல மறந்துவிட்டோமே என்று பீடியைத் தொடராதீர்கள்.

கையில் இருக்கும் பம்ப்

கொடுத்த மருந்தில் குணம் இல்லை என்றால் நல்ல டொக்டர் உடனே வேறு மருந்து எழுதமாட்டார். முதலில் "பம்ப் அடித்துக் காட்டுங்கள்" என்பார். காரணம் இருக்கிறது. அமுக்கும் பம்ப்பைக் குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அமுக்கி, பத்து வரை எண்ணி மூச்சைப் பிடிக்க வேண்டும். கப்சூல் போட்டு உறிஞ்சும் கருவியில் இதற்கு மாறாக வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றதில் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். கை நடுங்குகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக் கொடுப்பார்கள். பலமாக இழுக்கச் சக்தி இல்லாதவருக்குக் கப்சூல் கருவி பொருந்தாது. ஆகவே எந்தக் கருவி என்பதும் டொக்டரின் தெரிவில் ஒரு பாதி.

ஸ்டீரொய்ட் பம்ப் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்; இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். "ஸ்டீரொய்ட்" என்ற சொல்லுக்குப் பயந்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பம்ப்பில் உள்ளது மைக்ரோகிராம் கணக்கு, குளிசையில் உள்ளது மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். தியோத்ரோப்பியம் எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அடைப்போ கண் அழுத்தமோ இருந்தால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கு வெளியே

புகை தொடர்ந்தால் எந்தப் பம்ப்பும் முழுதாக உதவாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 வருடம் தொடர்ந்த ஓர் ஆய்வில், சிகரெட்டை முற்றாக விட்டவர்களின் நுரையீரல், விடாதவர்களோடு பார்த்தால் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் தேய்ந்தது. தென் சீனாவின் குவாங்டொங் மாகாணக் கிராமங்களில் 9 வருடம் நடந்த ஆய்வு 2014 இல் வெளியானது. அங்கே குசினிக் காற்றோட்டத்தைச் சீர்செய்து, விறகுக்குப் பதில் சாண எரிவாயு கொடுத்த வீடுகளில் நுரையீரல் தேய்வது மெதுவானது. நம் நாட்டு அனகி அடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தும். ஆனால் புகைக்கூண்டு இல்லாத காம்பிராவில் புகை அங்கேயேதான் சுற்றும். புகைக்கூண்டு என்பது வீட்டு வசதி மட்டுமல்ல, மருந்தும்தான். நிர்வாகத்தோடு வீட்டுப் பிரச்சினை பேசும்போது அந்த வரிசையில் அதையும் வைப்போம்.

நோயாளி நடக்காமல் மூலையில் உட்கார்ந்தால் தசை இன்னும் மெலியும். கிளினிக்கில் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியும் தினசரி நடையும் மருந்துக்குச் சமமானவை. இரத்தத்தில் ஒக்சிஜன் நிரந்தரமாக மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டுமே வீட்டில் ஒக்சிஜன்; அதுவும் ஒரு நாளைக்கு 15 மணித்தியாலமாவது எடுக்க வேண்டும். விறகடுப்புப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

கமிட்டிகளின் வேலை

இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து வேலைகளை வைக்கிறோம்.

1. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கொப்பி. வருத்தம் கூடிய திகதி, எங்கே போனார், என்ன குளிசை, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு மாதர் தலைவியோ பாடசாலைப் பிள்ளையோ எழுதிக் கொடுக்கட்டும். கிளினிக்கில் முதலில் அந்தக் கொப்பியை மேசையில் வைக்க வேண்டும்.

2. கிளினிக் நாள். மாதம் ஒரு நாள் கிளினிக் போனால் அன்றைய பேர் போகிறது. அதனால் பலர் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போகிறார்கள். பராமரிப்பு மருந்து இடைவெளி விட்டு எடுப்பதற்கு உரியது அல்ல. கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று தோட்ட மட்டத்தில் கோருவோம். நிலை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்து தர முடியுமா என்று வைத்தியசாலையைக் கேட்போம்.

3. மொழி. சிங்களம் தெரியாத அம்மாமாரோடு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு மொழிபெயர்க்கப் போகிறார்கள். வரவு இடாப்பில் அந்த வெற்றிடங்களை நாங்கள் பார்க்கிறோம். பத்து வயதுப் பிள்ளையால் பாட்டியின் சளி நிறத்தை விளக்க முடியாது. கிளினிக் நாளில் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரு மொழியும் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். "ஹதிய" என்றால் மூச்சு முட்டு, "கெஸ்ஸ" இருமல், "செம" சளி. இந்த மூன்று சொல்லையாவது எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

4. ஊதும் பரிசோதனை. வருடக்கணக்காகப் பம்ப் எடுத்தும் ஒரு தரமும் ஊதிப் பார்க்காதவர்களின் பெயரைப் பட்டியல் எடுங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் கடிதம் வாங்கிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வோம்.

5. புகையும் தூசியும். புகைக்கூண்டு இல்லாத காம்பிராக்களை லயம் லயமாக எண்ணுங்கள். தொழிற்சாலையில் சலிப்பு அறைத் தூசியை இழுக்கும் விசிறி ஓடுகிறதா, முகக்கவசம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். எண்ணிக்கையோடு போனால் பேச்சுவார்த்தையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டொக்டர் படித்தது அவருக்குத் தெரியும். நம் குசினியில் எத்தனை வருடம் புகை நின்றது, எந்தப் படியில் மூச்சு நின்றது, எத்தனை இரவு லொறி பிடித்தோம் என்பது நமக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் சரியான பம்ப் நம் ஆட்களின் கைக்கு வரும். அடுத்த கிளினிக் நாளுக்கு முன் முதலாவது வேலையையாவது தொடங்கிவிடுங்கள். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.